அந்த 8,125 ரூபாய் எங்கே போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்: “நான் மட்டும் ஏன் கட்டணும்?” விருதுநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதி, ரிட்டர்ன் போட்டு ஓய்வு பெற்றவள் நான். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அம்மா, எனக்கு வருடம் 15 லட்சம் சம்பளம், புதிய வரிமுறை. மாதம் 8,125 ரூபாயைக் கையில் கொடுக்காமலே பிடித்துவிடுகிறார்கள். நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் வரி கட்ட, மீதிப்பேர் அனுபவிக்கிறார்கள். 30 சதவீதம் அழுகிற நமக்கு என்ன மரியாதை?
(வாசகர், சோழிங்கநல்லூர்)

முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம் தம்பி. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போக 14,25,000. 2025 பட்ஜெட்டில் வந்த அடுக்குப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சமுள்ள 2,25,000-க்கு 15 சதவீதம், 33,750. ஆக 93,750. அதன்மேல் 4 சதவீத செஸ், அதாவது வரியின்மேல் போடும் வரி, 3,750 சேர்த்தால் 97,500. பன்னிரண்டால் வகுத்தால் நீங்கள் எழுதிய 8,125 அப்படியே வருகிறது. சம்பளத்தில் நூற்றுக்கு ஆறரை ரூபாய். 30 சதவீதம் என்பது 24 லட்சத்தைத் தாண்டி வரும் பணத்துக்கு மட்டும். ஸ்லாப் ஏறினால் மொத்தச் சம்பளத்துக்கும் அந்த விகிதம் என்று நினைத்துக்கொண்டு சம்பள உயர்வே வேண்டாம் என்றவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயமான பங்கு ஒன்று இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். சம்பளக்காரரால் எதையும் ஒளிக்க முடியாது. கடை வைத்திருப்பவர் வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம், வண்டிச் செலவு எல்லாம் கழித்து மிச்சத்துக்கு வரி கட்டுகிறார். நீங்கள் வேலைக்குப் போக என்ன செலவு செய்தாலும் அந்த 75,000-தான். பில் இல்லாமல் ரொக்கமாக வாங்கி, பாதியைக் கணக்கில் காட்டாத ஆட்களும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

ஆனாலும் “மீதிப்பேர் கட்டுவதில்லை” என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியாது. உங்கள் அலுவலகத்தில் காலை ஆறு மணிக்கு வந்து தரை துடைக்கிற அம்மா 299 ரூபாய்க்கு போன் ரீசார்ஜ் செய்தால், அதில் 253 ரூபாய் 39 காசுதான் கம்பெனிக்கு. 45 ரூபாய் 61 காசு ஜி.எஸ்.டி. அதே ரீசார்ஜுக்கு நீங்கள் கட்டுவதும் அதே 45 ரூபாய் 61 காசு. பத்தாயிரம் சம்பளத்தில் அது எவ்வளவு, ஒன்றேகால் லட்சம் சம்பளத்தில் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அந்த அம்மாவுக்கு ஸ்லாப் கிடையாது, விலக்கு கிடையாது, ரீஃபண்ட் கிடையாது, வரி கட்டியதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. ரிட்டர்ன் போடுகிறவர்களை மட்டும் “வரி செலுத்துவோர்” என்று எண்ணினால் இவர்களெல்லாம் கணக்கில் வராமலே போய்விடுவார்கள். ரிட்டர்ன் போடுகிறவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வரி பூஜ்யம் என்பது உண்மை. அது அவர்கள் ஏமாற்றுவதால் இல்லை. நம் நாட்டில் சம்பளம் அவ்வளவுதான்.

கேள்வி: 12,75,000 வரை வரி இல்லை என்றார்கள். எனக்கு 12,85,000. பத்தாயிரம் கூடியதற்காக 60,000 கட்ட வேண்டுமா?
(வாசகி, ஓசூர்)

வேண்டாம். உங்கள் கணக்கில் வரி 61,500 வரும். ஆனால் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது என்று சட்டமே தடுத்திருக்கிறது. ஆகவே 10,000. அதன்மேல் செஸ் 400. ஆமாம், பத்தாயிரம் கூடுதலாக வாங்கியதில் கையிலிருந்து 400 போகிறது. அந்த 400 நியாயமில்லை என்பதுதான் என் அபிப்பிராயமும்.

கேள்வி: நான் கட்டும் வருமான வரியில் இலவச பஸ், இலவசச் சாப்பாடு. உழைப்பவன் காசில் ஊருக்குச் சோறு போடுவதா அரசாங்கத்தின் வேலை?
(வாசகர், கோவை)

உங்கள் காசு போகும் வழியைச் சொல்கிறேன். ரூபாயில் யார் பேரும் எழுதியிருக்காது, எல்லாம் ஒரே குடத்தில் விழும் தண்ணீர்தான். இருந்தாலும் அளவு புரியட்டும்.

வருமான வரி டெல்லிக்குப் போகிறது. மேலே சோழிங்கநல்லூர் தம்பி கட்டிய 97,500-ல் செஸ் 3,750-ஐ மாநிலங்களோடு பகிர வேண்டியதே இல்லை. மீதி 93,750-ல், மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் நிதிக்குழுக்களில் 2021-26-க்கான 15-ஆவது குழு சொன்னபடி 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும். அதாவது 38,437 ரூபாய். அதில் அந்தக் குழு தமிழ்நாட்டுக்கு வைத்த பங்கு 4.079 சதவீதம். வருவது 1,568 ரூபாய். வருடம் முழுவதும் கட்டியதில் இந்த வழியாக நம் மாநிலத்துக்குத் திரும்புவது அவ்வளவுதான்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் செலவு. மாநிலத்தின் கஜானாவில் பெரும்பகுதி அதன் சொந்த வரிகள்: ஜி.எஸ்.டி.யில் மாநிலப் பாதி, பெட்ரோல் மீதும் மது மீதும் போடும் வாட், பத்திரப் பதிவு. அப்படியானால் அந்தப் பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் காசு போட்டவர்களில் தரை துடைக்கிற அம்மாவும் இருக்கிறார். தன் பிள்ளை சாப்பிடும் சோற்றுக்கு அவரே ஒரு பங்கு கட்டியிருக்கிறார். அதை இலவசம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நம்மைவிட அதிகம் போகிறதே என்று அடுத்த கடிதம் வரும். ஏழை மாநிலத்துக்கு அதிகம் போவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். வசதியுள்ளவர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று உங்களிடம் சொல்ல எனக்கிருக்கும் காரணமே அங்கேயும் செல்லும். என் சண்டை செஸ்ஸோடும், பெரிய வருமானக்காரர்களின் வரிமேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜோடும்தான். பகிர வேண்டாத பெயரில் வசூலைக் கூட்டிக்கொண்டே போனால் 41 சதவீதம் என்பது பெயரளவுக்கு நிற்கும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துகிற பெரும்பாரம் மாநிலத்தின் தலையில். “சுகாதாரம், கல்வி” என்று பேர் வைத்த செஸ் டெல்லியின் கையில். கோபப்படுகிறவர்கள் இதற்குக் கோபப்படுங்கள்.

என் சொந்த விஷயம் ஒன்று. என் அப்பா பருப்பு மில்லில் மூட்டை தூக்கினார். காமராஜர் பிறந்த ஊர் இது. எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மஞ்சள் மக்காச்சோள மாவில் உப்புமா கிளறுவார்கள். அலுமினியத் தட்டை நீட்டினால் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டி இறக்குவார் ஆயா. சூட்டில் தட்டைப் பிடிக்க முடியாமல் பாவாடை நுனியால் பிடித்துக்கொள்வேன். வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்கூடம் போனேன். பிறகு என் சம்பளத்துக்கு வரி வந்த முதல் வருடம், 2003 என்று ஞாபகம், 1,140 ரூபாய்க்கு பாங்கில் சலான் கட்டினேன். கவுன்ட்டரில் முத்திரை குத்திக் கொடுத்த அடிக்கட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: வருமான வரி வந்தபோது யாருமே எதிர்க்கவில்லையா?
(பள்ளி ஆசிரியை, காரைக்குடி)

எதிர்த்தார்கள், அதுவும் நம் சென்னையிலிருந்து. 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலியாக, அதை நிரப்ப லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை நிதிப் பொறுப்புக்கு அனுப்பினார்கள். அவர் 1860 பட்ஜெட்டில் வருமான வரி கொண்டுவந்தார். வருடம் 200 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 500 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம். அப்போது சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்று வாதாடியதோடு நிற்காமல், தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார். மேலிடத்தை மீறியதாகத் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சனும் அந்த ஆகஸ்ட்டிலேயே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். சில வருடத்தில் டிரெவெல்யன் நிதிப் பொறுப்புக்கே திரும்பி வந்தார். 1865-ல் அந்த வரி நின்றது.

டிரெவெல்யனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அயர்லாந்துப் பஞ்சத்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்ற பழி அவர்மேல் உண்டு. ஆனால் வரியைப் பற்றிப் பேசுமுன் செலவைக் காட்டு என்று அவர் கேட்டது சரியான கேள்வி. ஓட்டுப் போடுகிற நமக்கு அதைக் கேட்கும் உரிமை இன்னும் அதிகம்.

கேள்வி: நூறு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்கு வரி இல்லை, எனக்கு உண்டு. ஏன்?
(வாசகர், பொள்ளாச்சி)

1860-ல் விவசாய வருமானத்துக்கும் வரி இருந்தது. 1886 சட்டம் அதை விலக்கியது. இன்றைய அரசியல் சாசனம் அந்த அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. சாதாரண விவசாயிக்கு வரி போட்டாலும் 4 லட்சத்துக்குள் அடங்கிவிடுவார். அவரைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. கெடுதல் வேறிடத்தில். எங்கள் பக்கம் கரிசல் மானாவாரி. மழை பொய்த்தால் மிளகாயும் இல்லை, மல்லியும் இல்லை. அப்படிப்பட்ட இரண்டு ஏக்கரில் 18 லட்சம் மிளகாய் வருமானம் என்று எழுதச் சொல்லி ஒருவர் வந்தார். அவர் தொழில் வேறு, நிலம் பேருக்கு. எங்கள் ஆடிட்டர் ஃபைலை மூடி அவர் கையிலேயே கொடுத்தார். அந்த ஃபைலை வேறு யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தல். பெரிய தொகைக்காவது விளைச்சல், விற்ற சீட்டு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கல் மூன்றையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: கோடீஸ்வரர்களுக்கு 90 சதவீதம் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

போட்டுப் பார்த்தாயிற்று தம்பி. 1973-74-ல் உச்ச வரி சர்சார்ஜோடு 97.75 சதவீதம். நூறு சம்பாதித்தால் கையில் இரண்டேகால் ரூபாய். யார் காட்டுவார்கள்? அரசாங்கத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு நோட்டுப் போட்ட காலம் அது என்று என் ஆடிட்டர் சொல்லுவார். அடுத்த வருடமே 77-க்கு இறக்கினார்கள். 1997-ல் ப.சிதம்பரம் 10, 20, 30 என்று வைத்தார்.

அதற்காக இன்றைய நிலை நியாயம் என்று நான் சொல்லவில்லை. 2023 பட்ஜெட்டில் புதிய முறையில் 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜை 37-லிருந்து 25-ஆகக் குறைத்தார்கள். செஸ் எல்லாம் சேர்த்து உச்ச வரி 42.74-லிருந்து 39-க்கு வந்தது. சொத்துக்கான எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போய்விட்டது. செல்வ வரியும் 2015 பட்ஜெட்டில் போய்விட்டது. உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு 30 வரை. பட்டியலிட்ட பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5. இராப்பகலாக உழைத்த கைக்கு ஏன் அதிக விகிதம் என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை. விகிதத்தை வானத்துக்கு ஏற்றுவதைவிட இந்த இடைவெளியை அடைப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: 2022-23-ல் என் சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனி கட்டவில்லை. கம்பெனியும் மூடிவிட்டது. இப்போது அந்த 46,000-ஐ என்னைக் கட்டச் சொல்லி நோட்டீஸ். ஒரு வரியை இரண்டு முறை கட்டவா?
(வாசகர், திருப்பூர்)

கட்டாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு மஞ்சள்பை ஞாபகம் வந்தது. ஓர் ஆலையின் சூப்பர்வைசர் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் அதில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் “ஐ.டி.” என்ற கட்டத்தில் தொகை. நம் பேரில் அரசுக்கு வந்து சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பார்த்தால் எல்லாம் வெற்று. “நான் திருடலையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வழக்கை முடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. ஆனால் அவர் ஒரு ரூபாய்கூட மறுபடி கட்டவில்லை.

1961 சட்டத்தின் 205-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சம்பளத்தில் வரி பிடித்துவிட்டால், பிடித்த அளவுக்கு உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது. கட்டாதவரைத்தான் பிடிக்க வேண்டும். அதிகாரிகள் இப்படி வசூலிக்கக் கூடாது என்று நேரடி வரிகள் வாரியமும் 2015-ல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் நோட்டீஸ் அனுப்புவது கம்ப்யூட்டர். அதற்கு 26ஏஎஸ் மட்டும்தான் தெரியும். ஆகவே வருமான வரித் துறையின் இணையதளப் போர்ட்டலில் அந்தத் தொகையை ஏற்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். சம்பளச் சீட்டுகளையும், பிடித்தம் போக வந்த சம்பளம் வரவான பாங்க் ஸ்டேட்மென்டையும் இணையுங்கள். அதே காகிதங்களோடு உங்கள் வார்டு அதிகாரிக்கு ஒரு மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருட ரீஃபண்டில் இதைக் கழிக்கப் போவதாகத் தகவல் வந்தால் கெடு முடியுமுன் ஆட்சேபம் சொல்லுங்கள். உங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதே நோட்டீஸ் வந்திருக்கும். அவர்களையும் தேடிப் பிடித்துச் சேர்ந்து போங்கள்.