இரண்டடித் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்? – கேள்வி பதில்

இங்குள்ள பதில்கள் எல்லாமே 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டிக்கானவை. விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக மீனுக்குக் கிடைப்பது 40 முதல் 45 லிட்டர்தான்.

தாம்பரத்திலிருந்து: 6 நியான் டெட்ரா, 2 ஏஞ்சல், 2 மோலி, பாசி தின்னும் சக்கர் 1 வாங்கினேன். எல்லாமே சாதுவான மீன், சண்டை போடாது என்றார்கள். இரண்டு வாரத்தில் இரண்டு நியான் காணவே இல்லை, இரண்டு செத்துவிட்டன. போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 700 காட்டுகிறது.

பதில்: காணாமல் போன இரண்டும் ஏஞ்சலின் வயிற்றுக்குள் போயிருக்கும். வாயில் அடங்கும் எதையும் ஏஞ்சல் விழுங்கும். சாதுவாக இருப்பதும் இதுவும் வேறு வேறு விஷயம். செத்த இரண்டுக்குத் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். நியான் அமேசான் பகுதியின் மென்நீர் (உப்பும் சுண்ணாம்பும் குறைந்த தண்ணீர்) ஓடைகளில் வாழும் மீன். உங்கள் உப்புத் தண்ணீர் மோலிக்கு அமிர்தம், நியானுக்குத் தினசரிப் போராட்டம். அதோடு நியான் 22 முதல் 26 டிகிரிச் சூட்டில் நன்றாக இருக்கும். சென்னையில் கோடை முழுக்கத் தொட்டி 30-ஐத் தாண்டி நிற்கிறது.

மீன் சேர்க்கும்போது முதலில் தண்ணீரைப் பாருங்கள். அடுத்தது வளர்ந்தபின் வரும் அளவு. குணத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கடையில் பெரும்பாலும் குணத்தை மட்டும்தான் சொல்வார்கள்.

ஏஞ்சலுக்கு ஒன்றரை அடி உயரமாவது வேண்டும், சக்கர் ஒரு அடியைத் தாண்டி வளரும். இரண்டையும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மிஞ்சிய நியானை மென்நீர்த் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மோலி ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்று வையுங்கள், கூட நான்கைந்து பிளாட்டி விடலாம். பெண் குறைந்தால் ஆண் ஒரே பெண்ணை விடாமல் துரத்தி ஓய்த்துவிடும்.

கோவையிலிருந்து: எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர். என்னென்ன விடலாம்?

பதில்: உங்களுடையது மென்நீர், அதனால் தாம்பரத்துக்காரர் ஆசைப்பட்ட நியான் உங்கள் தொட்டியில் வாழும். 8 நியான், அடியில் 6 கோரி (கோரிடோராஸ்), மேல்மட்டத்துக்கு ஒரே ஒரு ஹனி கௌராமி. இதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். நியானுக்குப் பதில் 8 ஹார்லிகின் ரஸ்போராவும் பொருந்தும். கோரிக்குக் கூரான சரளை ஆகாது, அடியைக் கிளறும்போது மீசை தேய்ந்து புண்ணாகும். நைசான ஆற்று மணலை நன்றாக அலசிப் போடுங்கள்.

மென்நீரில் ஒரு சிக்கல் உண்டு. ஃபில்டரில் வாழ்ந்து மீன் கழிவை மாற்றும் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய, பிஹெச்சை (அமில-கார அளவு) இறங்காமல் தாங்கும் கார்பனேட் தண்ணீரில் தீர்ந்து போகும். உங்கள் தண்ணீரில் அது முதலிலேயே குறைவு. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் பிஹெச் திடீரென்று 6-க்குக் கீழே இறங்கும், பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். வாரம் 25 சதவீதம் மாற்றுங்கள். கூடவே ஒரு கைப்பிடி சிப்பித் தூளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கட வீட்டில கிணற்றுத் தண்ணி, கேத்திலில வெள்ளையாப் படியுது. செர்ரி பார்ப் எங்கட நாட்டு மீன்தானே, கப்பியோட விடலாமோ?

பதில்: நாடு ஒன்றுதான், தண்ணீர் வேறு. செர்ரி பார்ப் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் மர நிழலில் ஓடும் சிற்றோடைகளின் மீன். உங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கிறது, கேத்திலில் படிவதும் அந்தச் சுண்ணாம்புதான். பண்ணையில் பிறந்த செர்ரி பார்ப் ஓரளவு கடினநீரைத் தாங்கும். ஜிஹெச் (தண்ணீரின் கடினத்தன்மை) சோதனைக் குப்பி வாங்கிப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் சுண்ணாம்பையும் கறியுப்பையும் பிரித்துக் காட்டாது. ஜிஹெச் 15 டிகிரிக்குள் இருந்தால் 3 ஆண், 5 பெண் செர்ரி விடலாம், கப்பியோடு சண்டை வராது. அதற்கு மேல் போனால் கப்பியும் மோலியும் மட்டும் போதும். மழைநீர் கலந்து குறைப்பதென்றால் ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் கலக்க வேண்டும். ஒரு வாரம் கலந்து மறுவாரம் கலக்காமல் விட்டால் மீனுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

ஃபைட்டரோடு கப்பி விடலாமா?

பதில்: வேண்டாம். ஆண் கப்பியின் விசிறி வாலை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் கிழிக்கும். ஒரு ஆண் ஃபைட்டர், 6 கோரி, அவ்வளவுதான். இழுவை குறைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள்.

3 டைகர் பார்ப் மற்ற மீனின் வாலையெல்லாம் கடிக்கின்றன. ஒன்றை எடுத்துவிடட்டுமா?

பதில்: எடுத்தால் கடி கூடும். டைகர் பார்ப் கூட்டத்துக்குள்ளேயே யார் பெரியவர் என்று துரத்திக்கொள்ளும் மீன். மூன்றே இருந்தால் அந்தத் துரத்தல் அடுத்த மீன் மேல் திரும்பும். 8 ஆக்குங்கள், மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இந்த அளவுத் தொட்டியில் டைகர் பார்ப் மட்டும் இருப்பதே நல்லது. கௌராமி, ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் எதையும் இதோடு சேர்க்கவே கூடாது.

பொருத்தமான மீனாகப் பார்த்துத்தான் வாங்கினோம், தொட்டி வைத்து ஐந்தே நாளில் பாதி போய்விட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பதில்: அமோனியா கண்ணுக்குத் தெரியாது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம். இந்தப் பாக்டீரியா ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடாமல் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஃபில்டரை ஓட்டுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கியபின் 4 மீன் விடுங்கள், இரண்டு வாரம் கழித்து மீதி. பழைய ஆரோக்கியமான தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் நன்றாகக் குறையும்.

போர் தண்ணீர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். பிஹெச் 7-இல் உள்ளதைவிட 8-இல் அதே அமோனியாவின் விஷப்பகுதி கிட்டத்தட்டப் பத்து மடங்கு. இப்போது உயிரோடு இருப்பவற்றுக்குத் தினம் 30 சதவீதத் தண்ணீர் மாற்றி, தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகப் போடுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கியபின்தான் ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

சக்கர் பெரிதாகிவிட்டது, கடைக்காரர் வாங்க மறுக்கிறார். பக்கத்து ஏரியில் விடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. முதுகிலும் பக்கத்திலும் கடினமான முள், மேலெல்லாம் எலும்புத் தகடு. நம் நீர்நிலைகளில் அதைத் தின்னும் மீன் அரிது. கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகும், வலையையும் கிழிக்கும். வேறு கடைகளில் இலவசமாகத் தருவதாகக் கேளுங்கள், 4 அடித் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பாசிக்காகத்தான் வாங்கினீர்கள் என்றால் விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்து, ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். கண்ணாடியில் மிஞ்சுவதைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுத்துவிடலாம்.