உறைநிலையில் காத்த வால்வு: 9 வயது மகளுக்கு வைக்கலாமா?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "என் மகளுக்கு 9 வயது. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறுக்காக 11 மாதக் குழந்தையாக இருந்தபோது அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நுரையீரல் தமனியின் வால்வு முழுவதும் ஒழுகுவதாகவும், ஹோமோகிராஃப்ட் வைக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொல்கிறார். இறந்தவர் உடலிலிருந்து எடுத்து உறைய வைத்ததைக் குழந்தைக்கு வைப்பதா என்று என் மாமியார் கலங்குகிறார். உடல் அதை ஏற்குமா? வாழ்நாள் முழுவதும் மாத்திரை வேண்டுமா? எத்தனை வருடம் உழைக்கும்?"

உங்கள் மாமியாரின் கலக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது நியாயமானது. ஹோமோகிராஃப்ட் என்பது இன்னொரு மனிதரின் வால்வும் அதையொட்டிய தமனித் துண்டும் ஆகும். மூளைச்சாவு அடைந்தவரின் இதயத்தை முழுமையாக மாற்ற இயலாதபோது அதிலிருந்து வால்வுகளை மட்டும் எடுப்பதுண்டு. இதயம் நின்று இறந்தவரிடமிருந்தும், உடல் உரிய நேரத்தில் குளிரூட்டப்பட்டிருந்தால், சுமார் ஒரு நாளுக்குள் எடுக்கலாம். இதய மாற்று பெறும் நோயாளியிடமிருந்து அகற்றப்படும் பழைய இதயத்தின் நல்ல வால்வுகளும் இப்படிப் பயன்படுவதுண்டு. எங்கிருந்து வந்தாலும் கொடையாளரின் இரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கான பரிசோதனை செய்து, திசுவை நுண்ணுயிர்க்கொல்லிக் கரைசலில் ஊறவைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்த்த பின்னரே வங்கி அதைச் சிகிச்சைக்கு விடுவிக்கிறது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது திசுக்களும் அதன் வரம்புக்குள் வந்தன. விற்பதும் வாங்குவதும் குற்றம். மருத்துவமனை ரசீதில் வரும் தொகை பதப்படுத்தியதற்கும் சேமித்ததற்கும் உரியதாகவே இருக்க வேண்டும். ஒரு குடும்பம் துக்க வேளையில் கொடுத்ததற்கு விலை இல்லை.

உறைய வைப்பது ஏன் என்றால், சாதாரணக் குளிரில் வைத்த வால்வு சில வாரங்களே தாங்கும், அதற்குள் அதே அளவு தேவைப்படும் குழந்தை வந்து சேர்வது அரிது. அதனால் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற பாதுகாப்புத் திரவம் கலந்த கரைசலில் வைத்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் வீதம் மெல்ல மெல்லக் குளிர்விக்கிறார்கள். வேகமாக உறைந்தால் உயிரணுவுக்குள்ளேயே பனித்துகள் உருவாகித் திசுவைக் கிழிக்கும். மெல்லக் குளிரும்போது நீர் வெளியே வந்து உறைகிறது. பிறகு திரவ நைட்ரஜனின் ஆவியில், மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே, ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம். அந்தக் குளிரில் திசு கண்ணாடி போலாகிவிடுவதால் முரட்டுத்தனமாகக் கையாண்டால் விரிசல் விழும். அறுவை அரங்கில் குழந்தையின் அளவை உறுதி செய்துகொண்ட பிறகே வெதுவெதுப்பான நீரில் உருக்கி, பாதுகாப்புத் திரவத்தைப் படிப்படியாகக் கழுவி நீக்குவார்கள். ஒருமுறை உருக்கியதை மீண்டும் உறைய வைக்க முடியாது.

சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடுவது போன்ற எதிர்ப்புத்தடுப்பு மாத்திரை இதற்குத் தேவையில்லை. வால்வு பெரும்பாலும் நார்ச்சட்டமாகவே வேலை செய்கிறது, உயிரணுக்கள் பிழைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயினும் உடல் அதை முற்றிலும் கவனியாமல் விடுவதில்லை: எதிர்ப்பொருள்கள் உருவாகலாம், பின்னாளில் முழு இதய மாற்று தேவைப்படும் நிலை வந்தால் அது பொருத்தம் தேடுவதைக் கடினமாக்கும். இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் போன்ற மாத்திரையும் வேண்டாம். ஓடி விளையாடும் வயதுப் பெண்ணுக்கு, அதிலும் பூப்பெய்தும் பருவம் நெருங்கும்போது, இது சிறிய நன்மையல்ல என்று நான் கருதுகிறேன்.

எத்தனை வருடம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. அந்தத் திசு வளராது, காலப்போக்கில் சுண்ணாம்பு படிந்து சுருங்கும். கைக்குழந்தைக்கு வைத்தது சில ஆண்டுகளிலேயே சிறியதாகிவிடலாம். உங்கள் மகளின் வயதில் பெரியவர்களின் அளவை நெருங்கும் வால்வைப் பொருத்த இடமிருப்பதால் பலருக்கு 10 ஆண்டுகளுக்கும் மேல் உழைக்கிறது. நுரையீரல் தமனி இடத்தில், கொடையாளரின் பெருந்தமனி வால்வைவிட நுரையீரல் வால்வே பொதுவாக அதிகம் நீடிக்கிறது. ஆகவே மருத்துவரிடம் முதலில் எந்த வால்வு, எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அடுத்த முறைக்கு என்ன திட்டம் என்றும் கேளுங்கள்: 2000ஆம் ஆண்டில் பாரிஸில் ஃபிலிப் பான்ஹாஃபர் 12 வயதுச் சிறுவனுக்குத் தொடை இரத்தக்குழாய் வழியே நுரையீரல் வால்வு பொருத்திக் காட்டிய பின், பழுதான குழாய்க்குள்ளேயே புது வால்வை வைக்கும் வழி திறந்திருக்கிறது. இப்போது வைக்கும் குழாயின் விட்டம் தாராளமாக இருந்தால்தான் அந்த வழி அவளுக்கும் பயன்படும்.

அவசரமா என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சொல்லும். வலது கீழறையின் கொள்ளளவு உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 150 மில்லியைத் தாண்டத் தொடங்கினால் நீண்ட நாள் தள்ளிப்போடுவது நல்லதல்ல, ஏனெனில் அளவு மீறி விரிந்த இதயம் வால்வு வைத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். பொருத்தமான அளவு வங்கியில் இல்லையென்றால் மாட்டின் கழுத்துச் சிரையில் செய்த குழாயைப் பரிந்துரைக்கலாம். அதுவும் நல்ல மாற்றுதான், ஆனால் பிற்காலத்தில் வால்வில் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு அதில் கூடுதல்.

அந்தத் தொற்று ஹோமோகிராஃப்டிலும் வரக்கூடும் என்பதால், அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்னரே மகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிடுங்கள். அறுவைக்குப் பிறகு பல் பிடுங்கும்போதெல்லாம் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். வால்வு வைத்த விவரமுள்ள அட்டையை அவள் பையிலேயே எப்போதும் வைத்திருக்கட்டும்.