உள்ளங்கையில் ஒட்டிய கறை

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டு ஆண்டுகளாக அவளுடைய கைகளிலும் முழங்கால்களிலும் வாயோரத்திலும் வெண்புள்ளிகள் இருக்கின்றன. தோல் மருத்துவர் தந்த களிம்பைச் சில மாதங்கள் தடவினோம். பெரிய மாற்றம் தெரியாததால் நிறுத்திவிட்டோம். இப்போது தோலைப் பழுப்பாக்கும் செல்ஃப் டேனிங் லோஷனை ஞாயிறுதோறும் தடவுகிறோம். வாயோரத்துக்கு மட்டும் ஸ்ப்ரே. சுற்றியுள்ள தோலும் கருத்துவிடுவதால், அடுத்த முறை தடவுவதற்கு முன் நாரால் அழுத்தித் தேய்த்துவிடுகிறேன். இந்த ரசாயனம் இரத்தத்தில் கலக்குமா? பிற்காலத்தில் புற்றுநோய் வருமா? இன்னொன்று, என் உள்ளங்கையில் ஒட்டும் ஆரஞ்சு நிறக் கறை சோப்புப் போட்டாலும் போவதில்லை. அதற்கு என்ன செய்வது?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. கறை உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளும் வயதில் இருக்கும் பெண், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கையை நீட்டிக்கொண்டு உங்கள் முன் நிற்கிறாள். தேய்ப்பதும் தடவுவதும் நீங்கள். "தடவுகிறோம்" என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த லோஷன் வேண்டும் என்று அவள் கேட்டதாகவோ, தடவிய பிறகு கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்ததாகவோ கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவளுடைய அப்பாவைப் பற்றியும் இல்லை. இதே கவலையோடு எனக்குப் பல ஆண்டுகளாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன; எழுதுபவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள். பிள்ளை என்ன சொன்னது என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு.

நீங்கள் பயப்படும் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த லோஷனில் நிறம் தருவது டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற சர்க்கரை வகைப் பொருள். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், ஒரு பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு இதைக் குடிக்கக் கொடுத்தபோது, சிந்திய இடத்தில் தோல் பழுப்பாவதை ஈவா விட்கென்ஸ்டைன் என்ற மருத்துவர் கவனித்தார். தோலின் மேலே இருக்கும் இறந்த செல் அடுக்கிலுள்ள அமினோ அமிலங்களோடு இது வினைபுரிகிறது. ரொட்டியின் மேற்பகுதி சுடும்போது பழுப்பாவதும் இதே வகை வினைதான். உள்ளே போவது மிகச் சொற்பம். வெளித்தோலில் பூசுவதால் புற்றுநோய் வருவதாக இதுவரை நிறுவப்படவில்லை. வெண்புள்ளிகளை மறைக்கத் தோல் மருத்துவர்களே இதைப் பரிந்துரைப்பதும் உண்டு.

ஸ்ப்ரேயை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தப் பொருளை வெளித்தோலில் பூச மட்டுமே அனுமதித்திருக்கிறது. உதடு, கண்ணைச் சுற்றிய பகுதி, சளிச்சவ்வு ஆகியவற்றில் படுவதற்கும் மூச்சில் இழுப்பதற்கும் அந்த அனுமதி பொருந்தாது. வாயோரத்தில் ஸ்ப்ரே அடித்தால் உதட்டிலும் படும், மூச்சிலும் போகும். தோலைப் பழுப்பாக்கும் மாத்திரை என்று யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். அவற்றில் சேர்க்கப்படும் கேந்தாக்சாந்தின் என்ற நிறமி விழித்திரையில் படிகங்களாகப் படிவது அறியப்பட்ட விஷயம்.

ஆபத்து நீங்கள் பயந்த இடத்தில் இல்லை, உங்கள் கையிலிருக்கும் நாரில் இருக்கிறது. வெண்புள்ளி உள்ளவர்களின் தோலில் உராய்வோ கீறலோ காயமோ ஏற்பட்டால், அந்த இடத்திலேயே புதிய புள்ளி தோன்றக்கூடும். இதைக் கோப்னர் விளைவு என்பார்கள். ஓரத்தில் கருத்த வளையத்தை எடுப்பதாக நினைத்து வாரந்தோறும் அழுத்தித் தேய்க்கும் நீங்கள், எதை மறைக்கப் பாடுபடுகிறீர்களோ அதையே பெருக்கிக்கொண்டிருக்கலாம். மகளின் முழங்காலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: தேய்த்த இடங்களில் பழைய புள்ளியின் எல்லை நகர்ந்திருக்கிறதா, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா? மருத்துவரிடம் போகும்போது இதைச் சொல்ல வேண்டும்.

ஆம், போக வேண்டும். களிம்பை நீங்களாக நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். முகத்தில் சீக்கிரமும் கை விரல்களிலும் பாதங்களிலும் மிகத் தாமதமாகவும் திரும்பும். சிறு வயதில் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் கூடுதல். சில மாதங்களில் பொறுமை இழந்து, நான்கு மணி நேரத்தில் நிறம் தரும் புட்டிக்கு மாறிவிட்டீர்கள். மறைப்பு சிகிச்சையாகாது. தைராய்டு பரிசோதனை செய்யாவிட்டால் அதையும் கேளுங்கள், ஏனெனில் வெண்புள்ளியும் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதுண்டு. ஒளிச்சிகிச்சை தொடங்கினால் லோஷன் தடவுவதையும் சொல்லிவிடுங்கள். பழுப்பாகிவிட்டதால் வெயில் தாங்கும் என்று எண்ணி அவளை வெளியே அனுப்பாதீர்கள். அந்த நிறம் வெயிலுக்குப் போதிய தடுப்பாகாது, புள்ளியிலோ தோலுக்கு நிறம் தரும் மெலனின் இல்லாததால் தோல் விரைவில் கன்றிவிடும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் அவளுக்கு அவசியம்.

இனி அவளிடம் வருகிறேன். ஒரு பிள்ளையின் உடம்பை உலகம் உற்றுப் பார்க்கும்போது, உற்றுப் பார்க்காத ஓர் இடமாக வீடு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைக் கொடுப்பது தாய் தகப்பனின் கடமை, தயவன்று. வாரத்தில் ஒரு நாள் தாயே உட்காரவைத்து அவளுடைய தோலைத் தேய்த்து அழிக்கிறாள் என்றால், அந்தப் பெண் ஒதுங்கிக்கொள்ள எங்கே போவாள்? யாராவது ஏதாவது சொன்னார்களா, எந்த உறவினர் வருகைக்கு முன் இது தொடங்கியது என்பதை நீங்கள் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும்தான். இது தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவள் முன்னிலையிலேயே, அவள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு புட்டியைத் திறக்காதீர்கள். "உனக்கு இது வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் புட்டியை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். வேண்டும் என்றால் அது அவளுடையது: முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்த்துவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் புள்ளிக்குள் மட்டும் அவளே வைத்துக்கொள்ளட்டும். அப்படி வைத்தால் ஓரம் கருக்காது, தேய்க்கவும் வேண்டியிருக்காது.

உங்கள் உள்ளங்கைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அங்கே இறந்த செல் அடுக்கு தடிமனாக இருப்பதால் சாயம் ஆழமாகப் பிடித்திருக்கிறது. சில வாரங்கள் அவள்மேல் தடவாமல் இருங்கள், அடுக்கு உதிர உதிரத் தானாகப் போய்விடும்.