கார்டா ஏரிக்குத் தெற்கே

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் மிலானிலிருந்து வெனிஸ் போகும் வழியில் கார்டா ஏரிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். சிர்மியோனே கோட்டையைப் பார்த்துவிட்டுப் படகில் சுற்றுவதாகத் திட்டம். சொல்ஃபெரினோவைத் தவறவிடக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எங்களுக்குப் பத்து வயது மகள் இருக்கிறாள். மண்டையோடுகளை அடுக்கி வைத்திருக்கும் ஊருக்குக் குழந்தையை அழைத்துப்போக வேண்டுமா என்று மனைவி கேட்கிறார்.

வி.

அன்புள்ள வி.,

அழைத்துப்போங்கள். ஆனால் சொல்ஃபெரினோவுக்கு முன்பு பக்கத்து ஊரான காஸ்திலியோனேவுக்குப் போங்கள்.

சிர்மியோனேயைக் கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே பார்த்துவிடலாம். கோட்டை வெரோனாவை ஆண்ட ஸ்காலா குடும்பத்தாருடையது. படகுகளை நிறுத்துவதற்கென்றே மதில் சூழ்ந்த துறை ஒன்று அதில் உண்டு. நிலமுனையில் ஒலிவ மரங்களுக்கிடையே 'கத்துல்லுஸின் குகைகள்' இருக்கின்றன. உண்மையில் அவை குகைகள் அல்ல, ஒரு ரோமானிய மாளிகையின் இடிபாடுகள். கவி கத்துல்லுஸ் இறந்த பிறகு கட்டப்பட்ட மாளிகை அது. இருந்தாலும் சிர்மியோனேயை அவர் மனமுருகப் பாடியிருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு காரில் தெற்கே திரும்புங்கள். 1859 ஜூன் 24 அன்று சொல்ஃபெரினோவைச் சுற்றியுள்ள குன்றுகளில் பிரெஞ்சு, சார்டீனியப் படைகள் ஒரு பக்கமும் ஆஸ்திரியப் படை மறுபக்கமுமாக மோதின. அன்று மாலை காஸ்திலியோனேவுக்கு வந்து சேர்ந்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஆன்ரி துய்னான். அல்ஜீரியாவில் தாம் நடத்திய தொழிலுக்காகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சந்திக்க வந்த வியாபாரி அவர். காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்க, தேவாலயங்களும் வீடுகளும் மருத்துவமனைகளாயின. பெரிய தேவாலயத்தில் அவரும் ஊர்ப் பெண்களும் தண்ணீர் கொடுத்தார்கள், புண்களைக் கழுவிக் கட்டினார்கள். எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்கவில்லை. 'தூத்தி ஃப்ரத்தெல்லி', எல்லோரும் சகோதரர்கள், என்று அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னதைத் துய்னான் 1862இல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கிறார். அடுத்த ஆண்டே ஜெனீவாவில் செஞ்சிலுவைக் குழு பிறந்தது. 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசு அவருக்கும் பிரெஞ்சு அமைதி ஆர்வலர் பிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. தேவாலயத்தின் குளிர்ந்த தரையில் நிற்கும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது. உங்கள் மகளை முதலில் அங்கே நிற்க வையுங்கள், கதையை அங்கேயே சொல்லுங்கள். அடிபட்டவர்கள் துய்னானை 'வெள்ளை உடைக்காரர்' என்று அழைத்தார்கள் என்பதைக் குழந்தை மறக்கமாட்டாள். பக்கத்திலேயே செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தூக்குப் படுக்கைகளையும் அறுவைக் கருவிகளையும் அங்கே பார்க்கலாம்.

சொல்ஃபெரினோவில் அந்தப் போரில் இறந்தவர்களின் மண்டையோடுகள் இருப்பது ஒரு தேவாலயத்துக்குள். பீடத்துக்குப் பின்னே ஆயிரத்துக்கும் மேலானவை அடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மனைவியின் தயக்கம் நியாயமானது. நீங்கள் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய்வாருங்கள். அதுவரை மகள் வெளியே இருக்கட்டும். அவளாகக் கேட்டால் மட்டும் காட்டுங்கள். குன்றின் மேலிருக்கும் பழைய சதுரக் கோபுரத்துக்கு மூவருமே ஏறலாம். வானம் தெளிவாக இருந்தால் காலையில் நீங்கள் நின்ற ஏரி அங்கிருந்து தெரியும்.

படகுச் சவாரியை விட்டுவிடலாம். மதியத்தில் அங்கே பல இடங்களைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், அருங்காட்சியகத்தின் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மகள் என்னென்ன கேட்டாள் என்று திரும்பி வந்ததும் எழுதுங்கள்.