இரண்டு சீட்டின் கணக்கு, ஒரு சீட்டின் விலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் சில மாதங்களாக நிகழ்தகவைக் கணக்கிட்டுத்தான் பந்தயம் கட்டுகிறேன். போன வாரம் காசினோவில் ஒரு ஆட்டம். ஃப்ளாப் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) விழுந்ததும் என் கையில் இரண்டு, மேசையில் இரண்டு என நான்கு ஹார்ட்டின். நடுவில் 300 சிப்ஸ் இருந்தது. எதிராளி 200 கட்டினார். ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய 35% வாய்ப்பு. நான் போட்டால் நடுவில் 700 ஆகும், அதில் என் பங்கு 200, ஆகவே எனக்குத் தேவையோ 28.6% தான். துணிந்து 200 போட்டேன். நான்காவது பொதுச் சீட்டான டர்னில் ஹார்ட்டின் வரவில்லை. அவர் மேலும் 500 கட்ட, ஃபோல்ட் செய்து விலகிவிட்டேன். கணக்குப்படி ஆடியும் தோற்றால் கணக்கு எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

35% சரியான எண்தான். ஆனால் அது டர்ன், கடைசிச் சீட்டான ரிவர் இரண்டையும் பார்க்கப் போகிறவருக்கானது. நீங்கள் 200 கொடுத்து வாங்கியது டர்ன் என்ற ஒரே சீட்டை. உங்களுக்குத் தெரியாத 47 சீட்டில் ஹார்ட்டின் 9, சுமார் 19%.

இதே இடத்தில் 47 முறை ஆடுவதாக வையுங்கள். ஹார்ட்டின் விழுந்தால் வெற்றி உறுதி என்றே கொள்வோம். 9 முறை 500 வரும், மொத்தம் 4,500. மீதி 38 முறை 200 போகும், 7,600. நஷ்டம் 3,100, அதாவது ஒவ்வொரு முறைக்கும் 66 சிப்ஸ்.

சரி, எதிராளியிடம் அந்த 200 தான் கடைசி, ஆல்-இன் போய்விட்டார் என்றால்? மேற்கொண்டு பந்தயம் கிடையாது, இரண்டு சீட்டையும் பார்த்துவிடுவீர்கள். 35% முறை 500 வரவு, 65% முறை 200 செலவு. சராசரியாக 45 சிப்ஸ் லாபம். அதே சீட்டு, அதே 200, முடிவு தலைகீழ். அவர் முன்னால் இன்னும் எவ்வளவு அடுக்கியிருக்கிறது என்று பார்க்காமல் 35ஐ எடுக்கவே கூடாது.

பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654இல் பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்களே, அங்கேயும் எல்லாம் இதில்தான் நின்றது: இன்னும் எத்தனை சுற்று பாக்கி? நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்ததே அந்தக் கடிதங்களிலிருந்து என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஃப்ளஷ் அமைந்த பிறகு அவர் இன்னும் கட்டுவாரே என்பீர்கள். அதையும் சேர்க்கலாம். 3,100ஐ 9ஆல் வகுத்தால் 344. ஃப்ளஷ் அமையும்போதெல்லாம் சராசரியாக அவ்வளவு கூடுதலாக வாங்கினால்தான் கையைக் கடிக்காது. மேசையில் மூன்று ஹார்ட்டின் கிடப்பது அவர் கண்ணிலும் படும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. காசினோ எடுக்கும் கமிஷன் (ரேக்) வேறு.

டர்னில் நீங்கள் ஃபோல்ட் செய்தது நல்ல முடிவு. அங்கே 1,700இல் உங்கள் பங்கு 500, ஆகவே தேவை 29.4%, உங்களிடம் இருந்தது 46க்கு 9, இருபதைக்கூடத் தொடவில்லை. அப்புறம், மேசையில் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு சீட்டுதான் என்றால் 9ஐ 2ஆல் பெருக்குங்கள், இரண்டும் உறுதி என்றால் 4ஆல். 18%, 36%. முடிவெடுக்க அது போதும்.