விம் சிண்ட்ரோமுக்கு வாயால் சாப்பிடும் மருந்து உண்டா?

உண்டு. ‘ஸோல்ரெம்டி’ என்ற பெயரில் விற்கும் மேவோரிக்ஸஃபோர் கேப்ஸ்யூல். 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது.

விம் என்பது மரபணுக் கோளாறால் வரும் அரிய நோய் எதிர்ப்புக் குறைபாடு. இந்த நோயில் ரத்த வெள்ளணுக்கள் உற்பத்தியாகாமல் இல்லை, அதுதான் வேடிக்கை. எலும்பு மஜ்ஜைக்குள் நிறையவே இருக்கின்றன, வெளியே வரத்தான் முடிவதில்லை. அணுக்களின் மேல் இருக்கும் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பிப் புரதம் அவற்றை மஜ்ஜையில் கட்டிவைக்கும் கயிறு மாதிரி. மரபணு மாற்றத்தால் அந்தக் கயிறு லேசில் அவிழாது. ரத்தத்தில் நியூட்ரோஃபில், லிம்போசைட் என்ற வெள்ளணு வகைகள் குறைந்துபோய், அடிக்கடி நிமோனியா, காதுத் தொற்று, போகாத மருக்கள் எல்லாம் வரும். மருந்து அந்த ஏற்பியை அடைத்து அணுக்களை ரத்தத்துக்கு விடுகிறது. மருந்தால் மரபணு சரியாவதில்லை, அதனால் தொடர்ந்து சாப்பிட வேண்டும். மருத்துவ ஆய்வில் தொற்றுகள் குறைந்தன, மருக்களில் மட்டும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சாப்பிடும் முறை கொஞ்சம் கெடுபிடிதான். இரவு முழுக்கப் பட்டினி கிடந்து, காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு முழுதாக விழுங்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கூடாது. இதயத்தின் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் சுருங்கி மீண்டும் தயாராக எடுக்கும் நேரம், இசிஜியில் தெரியும்) நீளலாம் என்பதால், வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கருவுக்கும் ஆபத்து உண்டு.