வேர்ட்பிரஸ் – டபிள்யூபி எஞ்சின் மோதல்: கேள்வி பதில்

கேள்வி: வேர்ட்பிரஸ் வலைத்தளங்களை உருவாக்க இலவசமாகக் கிடைக்கும் நிரல்; அதற்கு டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் (தளங்களைத் தன் கணினிகளில் வைத்து இயக்கித் தரும்) நிறுவனத்திடம் எப்படிப் பணம் கேட்க முடியும்?

பதில்: நிரலுக்காகக் கேட்கவில்லை, ஜிபிஎல் என்னும் திறந்த மூல உரிமத்தின்படி அதைப் பயன்படுத்த எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. கேட்டது பெயருக்காக. வேர்ட்பிரஸ் என்னும் வணிகமுத்திரை ஓர் அறக்கட்டளையிடம் உள்ளது; அதன் வணிகப் பயன்பாட்டு உரிமையோ மேட் முல்லன்வெக் தலைமை வகிக்கும் ஆட்டோமேட்டிக் நிறுவனத்திடம் இருக்கிறது. வருவாயில் 8 விழுக்காட்டைப் பணமாகவோ, வேர்ட்பிரஸ் திட்டத்துக்கு ஊழியர்கள் உழைக்கும் நேரமாகவோ தர வேண்டும் என்று 2024 செப்டம்பரில் டபிள்யூபி எஞ்சினிடம் ஆட்டோமேட்டிக் கேட்டது.

கேள்வி: முல்லன்வெக் சொல்லும் குறையில் நியாயமே இல்லையா?

பதில்: இருக்கிறது. திட்டத்தால் வாழும் நிறுவனம் அதற்குப் போதிய உழைப்பைத் திருப்பித் தரவில்லை என்பது பொருட்படுத்த வேண்டிய குறைதான். ஆனால் பதிவுகளின் திருத்த வரலாற்றை முடக்கி வைத்திருப்பதால் டபிள்யூபி எஞ்சின் விற்பது வேர்ட்பிரஸே அல்ல என்ற வாதம் எடுபடாது. அமைவுக் கோப்பில் ஒரே வரியில் அதை நிறுத்திக்கொள்ளும் வசதியை வேர்ட்பிரஸே தந்திருக்கிறது.

கேள்வி: இருவர் சண்டையில் வாடிக்கையாளர்கள் ஏன் அவதிப்பட்டார்கள்?

பதில்: செருகுநிரல்களும் (கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் நிரல்கள்) அவற்றின் புதுப்பிப்புகளும் வந்துசேரும் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளம் அறக்கட்டளையின் சொத்தன்று, முல்லன்வெக்கின் தனிப்பட்ட உடைமை. (பலருக்கு இது அப்போதுதான் தெரியவந்தது.) செப்டம்பர் 25 அன்று அவர் டபிள்யூபி எஞ்சினுக்கு அந்த வாயிலை அடைத்ததும், அந்நிறுவனத்தின் வழங்கிகளில் இருந்த தளங்கள் பாதுகாப்புத் திருத்தங்களைக்கூட வழக்கம்போல் பெற முடியாமல் போயின. அக்டோபர் 12 அன்று அந்தத் தளத்தில் இருந்த, டபிள்யூபி எஞ்சினின் ஏசிஎஃப் (அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ்) செருகுநிரலின் பக்கமே கைப்பற்றப்பட்டு, 'செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்று பெயர் மாற்றப்பட்டது. நிரலைக் கிளைபிரிக்க, அதாவது படியெடுத்துத் தனியாக வளர்க்க, உரிமம் இடம் தருகிறது; பிறர் சேர்த்த பயனர்களையும் முகவரியையும் சேர்த்து எடுத்துக்கொள்வதைக் கிளைபிரித்தல் என்று என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: நீதிமன்றம் என்ன சொன்னது?

பதில்: கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 டிசம்பர் 10 அன்று, பழைய அணுகலையும் ஏசிஎஃப் பக்கத்தையும் திருப்பித் தருமாறு இடைக்கால உத்தரவிட்டது. அது இறுதித் தீர்ப்பன்று.

கேள்வி: நான் வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

பதில்: இதற்காக மட்டும் வேண்டாம். ஏசிஎஃப் வைத்திருந்தால், தானியங்கிப் புதுப்பிப்பு எதை நிறுவியிருக்கிறது என்பதைச் செருகுநிரல் பட்டியலில் பெயர் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். முக்கியமான செருகுநிரல்களை உருவாக்கியவர்களிடமிருந்தே நேரடியாகப் பெறும் வழியையும் தயாராக வைத்திருங்கள்.